‘ஆளவந்தான்’ காட்டும் அச்சம்

2001ஆம் ஆண்டில் சுரேஷ் கிருஷ்ணா இயக்கி வெளிவந்த ‘ஆளவந்தான்’ திரைப்படம் அவையோரை இருகூறாக்கிற்று. கிருஷ்ணன்கோவிலில் எம்மிடம் பயிலும் மாணாக்கரிடையே இவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. கொலைஞன்பால் இரக்கம் ஊட்டுதல் முறையன்று என்பர் ஒருசாரார். புதுமை என வியப்பர் மற்றொரு சாரார்.

இரட்டையர் கதைகளில் உருவொப்புமையால் ஆள்மயக்கம் நிகழ்தல் மரபு. ஈண்டுக் கமல்ஹாசனே இரட்டையராய் நடித்தும் முடிச்சு அவ்விருவரிடத்து இல்லை. மனநோயனாகிய நந்து, உடன்பிறந்தான் விஜய்யின் மனைவி தேஜஸ்வினியை, இளமையில் தன்னைக் கொடுமைசெய்து இறந்துபோன சிற்றன்னையாகவே காண்கின்றான். அவளைக் கொன்று உடன்பிறந்தானைக் காத்தலே அவன் கருத்து.

தொல்காப்பியர் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நிலைக்களன் நான்கு வகுத்தார். அவை அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. நந்துவின் அணங்கோ அவன் நினைவில் உறைவது. ஆகவே, அவையோர்க்கு அஞ்சத்தக்கவன் நந்து. நந்துவுக்கு அஞ்சத்தக்கவள் தேஜஸ்வினி. இவற்றுள் எவ்வச்சத்தோடு ஒன்றினரோ அதற்கேற்பவே அவரவர் தீர்ப்பும் அமைந்தது.

நடிகை ஷர்மிலியின் கொலை இடையே கேலிச்சித்திரமாய் மாறுவதை விளையாட்டுத்தனம் எனப் பழிப்பாருளர். யாம் உடன்படோம். கொல்பவனுக்குக் குருதி மெய்யாகத் தோன்றவில்லை என்பதை வேறெவ்வாறு காட்டுவது? அக்கண்ணை விட்டுப் பாடலுக்கும் படைவீரன் விஜய்யின் தீரச் செயல்களுக்கும் கதை அடிக்கடி விலகுவதே குறை. 2023இல் சுருக்கி மீள வெளியிட்டமை, நீளம் மிகையென ஒப்பியதாகும்.