வாலாட்டிகளுக்கு இட்ட பெயர்கள் சரிதானா?

மார்கழிக் காலையில் திருப்போரூர் ஏரிக்கரையில் சற்று நேரம் நின்று பாருங்கள். மேயும் மாடுகளின் காலடியில் ஒல்லியான சிறு பறவைகள் குடுகுடுவென ஓடிப் பூச்சி பிடிக்கும். ஓட்டம் நின்றதும் வால் மேலும் கீழும் ஆடும். ஊரார் இவற்றை ‘வாலாட்டிக் குருவி’ என்று ஒரே பெயரில் முடித்துவிடுவர். நம் பறவை நூல்களோ தனித்தனிப் பெயர்கள் தருகின்றன. அப்பெயர்கள் வழிகாட்டுகின்றனவா, வழி தவறச் செய்கின்றனவா?

மஞ்சள் வயிறு கண்டதும் ‘மஞ்சள் வாலாட்டி’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவீர்கள். ஏரிக்கரையில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நூல்கள் ‘கரும்சாம்பல் வாலாட்டி’ என்று குறிக்கும் பறவைக்கும் வயிற்றுப்புறம் மஞ்சள்தான்! முதுகு சாம்பல் என்பது மெய்யே. ஆனால் இளம் மஞ்சள் வாலாட்டியோ, முதல் குளிர்காலத்தில் மஞ்சள் மங்கி, சில வேளை அறவே இல்லாமல், சாம்பல் பூத்தே காணப்படும். பெயரை நம்பிய மாணவர் இரண்டையும் தலைமாற்றி எழுதுவதில் வியப்பென்ன? ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கியதன் விளைவு இது. ‘ஓடை வாலாட்டி’ என்றிருந்தால் எவ்வளவு நலம்! அது மலையோடைகளை நாடும் பறவையல்லவா?

ஆகவே நிறத்தை விட்டுக் கால்களைப் பாருங்கள். கரும்சாம்பல் வாலாட்டிக்குக் கால்கள் வெளிறிய பழுப்பு. மஞ்சள் வாலாட்டிக்குக் கறுப்பு. முன்னதன் வால் மிக நீளம். பறக்கும்போது வாலடி மஞ்சளாகப் பளிச்சிடும். பின்னதற்கு வாலடியும் முதுகின் நிறமே. (மஞ்சள் வாலாட்டியை இன்று அறிஞர்கள் கிழக்கு, மேற்கு என இரு இனங்களாகப் பிரித்துள்ளனர். தொடக்கத்தில் அந்தச் சிக்கலுக்குள் நீங்கள் புக வேண்டாம்!)

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. பொங்கலையொட்டி நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் பங்கு கொள்கின்றனர். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிக் கட்டடங்கள் பெருகிவரும் இந்நாளில், எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்பதற்கு அத்தகைய பட்டியல்களே சான்று. பெயர் மாறினால் சான்றும் பொய்த்துப் போகும்.

நல்ல பெயர்களும் உண்டு. கோயில் குளத்தருகே ஆண்டு முழுதும் காணத்தக்க கறுப்பு வெள்ளைப் பறவை வெள்ளைப்புருவ வாலாட்டி. இதன் நெற்றியில் கறுப்பு அலகு வரை இறங்கும். கண்ணுக்கு மேல் வெண்புருவம் நீண்டிருக்கும். குளிர்கால விருந்தாளியான வெள்ளை வாலாட்டிக்கு நெற்றியே வெள்ளை. பெயரே அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. 1789இல் க்மெலின் இதற்கு இட்ட அறிவியல் பெயர் ‘மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ்’. அதாவது நம் சென்னைப் பறவை!

எனக்கு மிகப் பிடித்த பெயர் ‘கொடிக்கால் வாலாட்டி’. வெற்றிலைக் கொடிக்காலைப் போல நிழலும் ஈரமும் உள்ள தோப்புகளில், உதிர்ந்த சருகுகளிடையே திரியும் பறவை இது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். நின்றால் மற்ற வாலாட்டிகளைப்போல வாலை மேலும் கீழும் ஆட்டாது. பின்னுடலோடு சேர்த்து இடமும் வலமுமாக அசைக்கும்.