செப்டம்பர் 11-க்கு முந்தைய நாள்

நாளிதழில் அது ஒரு பெட்டிச் செய்தி. எஃப்.எம். வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நிமிடப் பேச்சு. வாட்ஸ்அப்பில் படத்தோடு வரும் காலை வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பிள்ளைகளின் நோட்டில் மனப்பாடப் பகுதி. ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பு தமிழ்நாட்டில் எட்டாத இடம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் நம்மில் பெரும்பாலோர் வரலாற்றைச் சந்திப்பதே இந்த நான்கு வரிகளில்தான். அப்படியிருந்தும் அதன் நிறைகுறைகளை யாரும் உட்கார்ந்து எடைபோட்டதாகத் தெரியவில்லை. நாவலுக்கும் சினிமாவுக்கும் இருக்கும் விமர்சனம் இதற்கும் வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு தேதி போதும். செப்டம்பர் 11-ஐ எடுத்துக்கொள்ளலாம். 1893-ல் அன்றுதான் சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் பேசினார். 1906-ல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் காந்தியோடு கூடிய இந்தியர்கள், சிறைக்குப் போனாலும் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். 1921-ல் பாரதி மறைவு. 1948-ல் ஜின்னா மறைவு. 1957-ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 1962-ல் பீட்டில்ஸ் குழு லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் ‘லவ் மீ டூ’ பாட்டை மறுபடி பதிவு செய்தது. 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதிபர் அயெந்தே இறந்தார். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அதே நாள்தான் பாப் டிலனின் ‘லவ் அண்ட் தெஃப்ட்’ இசைத்தட்டும் கடைக்கு வந்தது.

இந்த வழக்கத்தின் பெரிய பலம் இந்த அடுக்கிலேயே இருக்கிறது. வரலாற்றுப் புத்தகம் வாங்காத வீட்டுக்குள்ளும் இது காசில்லாமல் நுழைகிறது. நுழைந்த இடத்தில் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டால், அந்தக் கேள்வி பல நேரம் நம் ஊருக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்றவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. திரும்பி வந்தபோது விவேகானந்தர் முதலில் கால் வைத்த இந்திய மண் பாம்பன். பாரதியோ, 1904-ல் சில மாதங்கள் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். உலகத்துப் பட்டியல் போலத் தெரியும் ஒன்றில் ராமநாதபுரத்துக்காரருக்கு இரண்டு வரி சொந்தமாகிறது.

பாட்டு விஷயத்தில் இந்தப் பலம் இன்னும் கூடுகிறது. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட காலத்தில், பிறந்தநாள் வாழ்த்தும் அதைத் தொடர்ந்து வரும் சினிமாப் பாட்டும் சேர்ந்தே மனதில் பதிந்தன. தேதியையும் பாட்டையும் முடிச்சுப் போடும் பழக்கம் இந்தக் கரைக்குப் பழையது. ஜூன் 24 வந்தால் இன்றும் எம்.எஸ்.விஸ்வநாதன், கண்ணதாசன் பாட்டுகள் எங்கும் ஒலிக்கின்றன. கண்ணதாசன் 1927-லும் எம்.எஸ்.வி. 1928-லும் ஒரே தேதியில் பிறந்தவர்கள். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி, 1985-ல் மாவட்டம் பிரியும்வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஒரு நாளின் சாக்கில் இருபது வயதுப் பையன் ஐம்பதுகளின் பாட்டைக் கேட்கிறான் என்றால் அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை தேதியிலிருந்து தொடங்குகிறது.

பாரதி இறந்தது நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்குப்படி அது செப்டம்பர் 12. சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள் என்று எண்ணிய குடும்பங்களுக்கு அது 11-ம் தேதி இரவுதான். 2021-ல் நூற்றாண்டு நினைவின்போது தமிழக அரசு செப்டம்பர் 11-ஐ ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது. ஆய்வாளர்கள் 12 என்று எழுதிவருகிறார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணம் படிக்கச் சுவையானதும்கூட. பெட்டிச் செய்தியோ ஒரு எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. தனுஷ்கோடிக்கும் இதே கதிதான். பாம்பனிலிருந்து பாசஞ்சர் ரயில் கிளம்பியது 1964 டிசம்பர் 22 இரவு. புயலில் கடல் அந்த ரயிலையும் ஊரையும் விழுங்கியது 22-க்கும் 23-க்கும் நடுவே. அதனால் ஒரு பத்திரிகையில் 22, இன்னொன்றில் 23.

பாட்டுக்குப் பிறந்தநாள் எது என்பது இதைவிடச் சிக்கல். ‘லவ் மீ டூ’ பாட்டை பீட்டில்ஸ் செப்டம்பர் 4-ல் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸோடு பதிவு செய்தார்கள். 11-ல் ஆண்டி ஒயிட் என்ற வேறொருவர் வாசிக்க மறுபடி பதிவு செய்தார்கள். இசைத்தட்டு வெளியானது அக்டோபர் 5. மூன்று தேதிகளையும் சொல்ல முடிவது அந்த ஸ்டுடியோ ஏடு வைத்திருந்ததால். தமிழ் சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஏடு பொதுவெளியில் கிடையாது. ஆகவே படம் வெளியான தேதியே பாட்டின் பிறந்தநாள் ஆகிவிடுகிறது. ‘அன்னக்கிளி’க்கு 1976 மே 14, ‘ரோஜா’வுக்கு 1992 ஆகஸ்ட் 15. எந்த ஸ்டுடியோவில், எந்த நாளில், யார் யார் வாசித்தார்கள் என்பது தேதியோடு வருவதில்லை. வயலின்காரரும் தபேலாக்காரரும் கோரஸ் பாடிய பெண்களும் ஆண்டுவிழாவுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

இளையராஜாவின் பிறந்தநாள் ஜூன் 2 என்று ஊரே கொண்டாடுகிறது. அவர் பிறந்தது ஜூன் 3. தனக்கு ‘இசைஞானி’ பட்டம் தந்த கருணாநிதியின் பிறந்தநாளும் ஜூன் 3 என்பதால், அந்த நாளை அவருக்கே விட்டுக்கொடுத்துத் தன் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னால் தள்ளிவைத்தார். இந்த மரியாதைக் கதையைச் சொன்னால் ஜூன் 2-க்குப் பொருள் கூடும். வாழ்த்துப் படங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

இவை சின்னப் பிழைகள். பெரிய பிழை ஒன்று ராமேஸ்வரத்து மனிதரையே சுற்றி வருகிறது. அக்டோபர் 15, அப்துல் கலாம் பிறந்தநாளை ஐ.நா. சபை ‘உலக மாணவர் தினம்’ என்று அறிவித்ததாகப் பல ஆண்டுகளாகச் செய்தி பரவுகிறது. பள்ளி விழாப் பதாகைகளிலும் ஏறிவிட்டது. ஐ.நா. கடைப்பிடிக்கும் நாள்களில் அப்படி ஒன்று இல்லை. உண்மையில் இருப்பது 2015-ல் தமிழக அரசு அறிவித்த ‘இளைஞர் எழுச்சி நாள்’. நிஜமான பெருமை கையில் இருக்கும்போது கற்பனைப் பெருமையைத் தேடிப் போயிருக்கிறோம். அறிவியலில் ஆதாரம் கேட்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயரால் இது நடப்பதுதான் வலிக்கிறது.

பெரிய நிகழ்ச்சி சிறியதை மூடிவிடுவது இன்னொரு குறை. விவேகானந்தர் பாம்பனில் இறங்கியது 1897 ஜனவரி 26. பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். குடியரசு நாளின் கீழே இந்தச் செய்தி எங்கோ அமுங்கிக் கிடக்கிறது. பாம்பன் ரயில் பாலம் திறந்த 1914 பிப்ரவரி 24-க்கும் அதே நிலை. தமிழ்நாட்டில் பிப்ரவரி 24 என்றால் ஜெயலலிதா பிறந்தநாள். பட்டியல் தயாரிப்பவர் வேண்டுமென்று மறைப்பதில்லை. நான்கு வரிதான் இடம் என்றால் பெரிய பெயர்தான் முதலில் ஏறும்.

டிலன் இசைத்தட்டையும் இரட்டைக் கோபுரங்களையும் ஒரே மூச்சில் சொல்வதில் என்ன கிடைக்கிறது? அந்தப் பாட்டுகள் அந்த நாளைப் பற்றியவை அல்ல, அதற்கு முன்பே பதிவாகிவிட்டவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஏதோ ரகசியத் தொடர்பு இருப்பதுபோல வாசகருக்குத் தோன்றிவிடுகிறது. சிலி விஷயம் அப்படியல்ல. பாடகர் விக்டர் ஹாரா ஆட்சிக்கவிழ்ப்புக்கு மறுநாள் பிடிபட்டு, விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டு, செப்டம்பர் 16-ல் கொல்லப்பட்டார். அங்கே பாட்டுக்கும் நாளுக்கும் ரத்தத் தொடர்பு உண்டு. ஆனால் அவர் பெயர் 16-ம் தேதிப் பெட்டிக்குப் போய்விடும். தொடர்பில்லாதவை ஒரே பெட்டிக்குள் சேர்கின்றன, தொடர்புள்ளவை ஐந்து நாள் இடைவெளியில் பிரிகின்றன.

முதுகுளத்தூருக்கு இந்தக் குறை வெறும் வாதம் அல்ல. 1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்று, சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் இடைத்தேர்தல் நடந்தது. அதன் பகை ஊர் ஊராகப் பற்றியது. செப்டம்பர் 10-ல் மாவட்ட ஆட்சியர் பணிக்கர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தேவரும் இம்மானுவேல் சேகரனும் அதில் இருந்தார்கள். அமைதி கூடவில்லை. மறுநாள் இரவு பரமக்குடியில் சேகரன் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 32 வயது. முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்து, ராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக நின்றவர். 14-ம் தேதி கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். மாதக் கடைசியில் தேவர் கைதானார். சேகரன் கொலை வழக்கிலிருந்து 1959-ல் விடுதலையானார்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை நீண்ட இந்தச் சங்கிலியில் நாட்காட்டி வெட்டி எடுப்பது ஒரே ஒரு கண்ணியை. தேர்தல் பகை ஒரு பெட்டியில், கொலை ஒரு பெட்டியில், துப்பாக்கிச்சூடு ஒரு பெட்டியில். எது எதனால் நடந்தது என்று கேட்க வாசகருக்கு வழி இல்லை. முதுகுளத்தூர்க் கலவரம் என்று ஊரின் பெயரே ஒரு கொடுமைக்குப் பெயராகிவிட்டது. அந்த ஊரில் ஒரு மேசையைச் சுற்றி இரு தரப்பும் உட்கார்ந்த செப்டம்பர் 10 எந்தப் பட்டியலிலும் கண்ணில் படுவதில்லை.

இந்த மாவட்டத்தில் தேதி உயிருள்ள ஒன்று. செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் சேகரன் நினைவிடமும், அக்டோபர் 30-ல் பசும்பொன்னில் தேவர் நினைவிடமும் மக்கள் வெள்ளத்தில் நிறைகின்றன. அந்த வாரங்களில் தடை உத்தரவும் வாகனக் கட்டுப்பாடுகளும் வருகின்றன. 2011 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மறுபடி உயிர்கள் போயின. ஒரு நாளை நினைவுகூர்வதே அந்த நாளின் வரலாற்றில் புதிய வரியாகச் சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சிலியில் ஆட்சிக்கவிழ்ப்பு நாளை ராணுவ அரசு விடுமுறை ஆக்கியது, மக்களாட்சி திரும்பியபின் 1998-ல் அது நீக்கப்பட்டது. ஒரு தேதி யாருக்குக் கொண்டாட்டம், யாருக்குத் துக்கம் என்பதை அங்கே நாடாளுமன்றம் விவாதித்தது. இங்கே அந்த விவாதம் சுவரொட்டிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் நடக்கிறது.

ஒலிபெருக்கி என்றதும் பாட்டு நினைவுக்கு வரும். 1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த ஒரு பாட்டு, படத்தின் கதையை விட்டு விலகி, சாதி விழாக்களின் பாட்டாக மாறியது. அந்தப் படம் வன்முறையைக் கைவிடச் சொல்லி முடிகிறது. பாட்டை ஓடவிடுபவர்களுக்கு முடிவு தேவைப்படவில்லை. படம் வெளியான அக்டோபர் 25-ஐக் குறிக்கும் எந்த ஆண்டுவிழாக் குறிப்பும் இதைப் பேசுவதில்லை. ஒரு பாட்டின் வரலாறு அது வெளியான நாளோடு நிற்பதில்லை. மக்கள் அதை எங்கே, எதற்காகப் பாடினார்கள் என்பதில்தான் நீள்கிறது. பாரதி பாட்டுக்கும் இது பொருந்தும். ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியில், அதாவது அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஸ்டுடியோ போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947-ல் டி.கே.பட்டம்மாளின் குரலில் பாரதி பாட்டுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்த மெய்யப்பச் செட்டியார் அதை விட்டுக்கொடுக்க, 1949-ல் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. தமிழ் மெல்லிசைக்கு இதைவிடப் பெரிய நாள் அந்தப் பத்தாண்டில் உண்டா? பிறந்தநாள், இறந்தநாள் பட்டியலில் அது சேரவே இல்லை.

தேதியே இல்லாதவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதுகுளத்தூர் வட்டாரத்துக் காட்டை சீமைக்கருவேலம் பிடித்ததும், கரிமூட்டம் பிழைப்பானதும் ஒரு நாளில் நடந்தவை அல்ல. கண்மாய் தூர்ந்ததும் அப்படியே. இந்த ஊர்ப் பெரியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் எழுதியது. ஒப்பாரிக்கும் கும்மிக்கும் நடவுப் பாட்டுக்கும் வெளியீட்டு நாள் ஏது? ‘ஆண்பாவம்’ படத்தில் நாம் பார்த்த கொல்லங்குடி கருப்பாயி பாடிய பாட்டுகள் வாய் வழியே வந்தவை. முன்னோர் ‘தாது வருசப் பஞ்சம்’ என்று 1876-78-ஐக் குறித்தார்கள். நாளைச் சொல்லவில்லை, அந்தப் பஞ்சம் எவ்வளவு நீண்டது என்பதைச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் இழக்கக் கூடாத ஒரு அறிவு இருக்கிறது.

ஆக, ‘வரலாற்றில் இன்று’ ஒழிய வேண்டிய வழக்கம் அல்ல, திருத்த வேண்டியது. தினமும் நான்கு வரி போடுவதைவிட, வாரம் ஒரு நிகழ்ச்சியை அதன் முன்னும் பின்னும் சேர்த்து ஒரு பத்தியாக எழுதலாம். தேதியில் கருத்து வேறுபாடு இருந்தால் அதையும் அச்சிடலாம். ‘ஐ.நா. அறிவித்தது’ என்று வந்தால் சரிபார்க்கலாம். நாளிதழ்களின் மாவட்டப் பதிப்புகள் உள்ளூர் வரி ஒன்றைக் கட்டாயமாக்கலாம்.

முதுகுளத்தூர், பரமக்குடி, கமுதிப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 1957-ல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள். அந்த ஆண்டின் ஜூலையையும் செப்டம்பரையும் கண்ணால் கண்டவர்கள் இரு தரப்புத் தெருக்களிலும் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்களை நோட்டோடு அவர்களிடம் அனுப்புங்கள். இரண்டு தெருக்களுக்கும் அனுப்புங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.