குதிரையின் வயிற்றுக்குக் கீழே

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு டீக்கடை. ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக விடிகாலையில் பையன்கள் சீருடையோடு நிற்கிற இடம். சுவரில் மோட்டார்சைக்கிள் விளம்பரம்: பனிமலை, கறுத்துத் திரளும் மேகம், வண்டிமேல் ஒற்றை ஆள். "இதுக்கு போல்ட்டு முடுக்குறவன் நான்தாண்ணே, ஓட்டிப் பாத்ததில்ல" என்றான் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இந்தப் படத்துக்குப் பாட்டன் ஒருவன் உண்டு. 1801இல் ழாக் லூயி தாவித் தீட்டிய, ஆல்ப்ஸைக் கடக்கும் நெப்போலியன். முன்னங்கால் தூக்கிய குதிரை, பறக்கும் மேலங்கி, கொந்தளிக்கும் வானம். 1800 மே மாதத்தில் அவன் மலையேறியது என்னவோ கோவேறு கழுதைமேல். அரை நூற்றாண்டு கழித்து பால் தெலரோஷ் அந்தக் கழுதையை வரைந்தார்; எதார்த்தம் வந்துவிட்டது என்றார்கள். வந்ததா? அங்கேயும் நடுவில் அவன்தானே. சேணத்தின் தோல், குதிரையின் நரம்பு எல்லாம் அச்சு அசலாக இருப்பதுதான் எதார்த்தவாதத்தின் அதிகாரம். அந்த அசலை நம்பிய கண் வானத்தையும் நம்பிவிடுகிறது. தாவித்தின் குதிரை வயிற்றுக்குக் கீழே பாருங்கள். பீரங்கி இழுக்கிற சிப்பாய்கள், எறும்பளவுக்கு.

நம்ம பக்கத்திலேயே ஒரு யுத்தம் நடந்தது. இங்கிருந்து வடமேற்கே, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10இல் ஹைதர், திப்பு படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கின. (அப்போதும் கம்பெனிதான்!) திப்பு அதை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டவைத்தார். மேகக் கொந்தளிப்பெல்லாம் இல்லை. சுவர் கொள்ளாமல் குதிரைகள், வாள்கள், துண்டான தலைகள், வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் பெய்லி. தூரத்தில் நிற்பவன் சிறுத்துப்போக வேண்டும் என்கிற ஐரோப்பிய விதி இங்கே செல்லவில்லை. வரையத் தெரியாதவன் வேலை என்று நானே ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன், வெட்கம்.

அதற்காக இதை விளிம்புநிலைக் கலை என்று தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. இதுவும் ராஜா காசில் எழுந்த வெற்றி விளம்பரம்தான். பிற்பாடு மேலே மேலே தீட்டப்பட்டது வேறு. வரிசை வரிசையாக ஒரே மூஞ்சி, எவனுக்கும் பேரில்லை. ஆனால் கூட்டம் இல்லாமல் யுத்தம் இல்லை என்பதை அந்தச் சுவரால் மறைக்க முடியவில்லை. பெய்லி படையிலும் பெரும்பகுதி நம்ம சிப்பாய்கள்தான். 1781இல் அங்கேயே மறுபடியும் சண்டை. புள்ளலூரில் இன்று நிற்கும் நினைவுத் தூண்கள் இரண்டும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு.

பஸ் வந்து பையன்கள் ஏறிப்போனபின் விளம்பரத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கீழே வெறும் பனி. எறும்பளவுக்குக்கூட ஆளில்லை.