மாமை என்னும் அழகு

அழகைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல. எழில், வனப்பு, கவின், பொற்பு, ஏர், முருகு, மாமை எனப் பட்டியல் நீளும். நிகண்டு நூலார் இத்தகு சொற்களை ஒரு பொருள் குறித்த பல சொற்களாகத் தொகுத்தனர். மனனம் செய்வார்க்கு அத்தொகுப்புப் பெருந்துணை. ஆயின், சொற்களின் நுட்பத்தை இலக்கியமே காட்டும்.

தொல்காப்பியச் செய்யுளியல், அம்மை முதல் இழைபு ஈறாகச் செய்யுளுக்கு எட்டு வனப்புகளைக் கூறுகிறது. அவ்வெட்டனுள் ஒன்றன் பெயரே அழகு. உறுப்புப் பல திரண்டவழித் தோன்றுவது வனப்பு என்பது பேராசிரியர் கருத்து. எனவே, இரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. முருகு என்பதோ அழகோடு இளமையையும் மணத்தையும் தெய்வத்தன்மையையும் உடன் சுட்டும். திரு.வி.க. தம் நூலுக்கு 'முருகன் அல்லது அழகு' எனப் பெயரிட்டமை ஈண்டு நினையத்தக்கது.

பிறமொழிகளிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. ஸ்பானிய மொழியில் 'எர்மோசோ' என்னும் சொல் வடிவம் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரினின்று பிறந்தது. 'போனித்தோ' நன்மையைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது. ஒன்று வடிவை நோக்கிற்று. மற்றொன்று நலத்தை நோக்கிற்று. தமிழின் மாமையோ மேனியின் நிறத்தை நோக்கிற்று.

மாமைக்குக் கருமை என்றும் மாந்தளிர் நிறம் என்றும் பொருள் கொள்வர். எப்பொருள் கொள்ளினும் அது வெண்மை அன்று. குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமை தனக்கும் ஆகாது தலைவனுக்கும் உதவாது பசலைக்கு இரையாவதை எண்ணி வருந்துகிறாள். கன்றும் உண்ணாது, கலத்திலும் சேராது நிலத்தில் சிந்திய நல்ல ஆவின் பாலே அதற்கு உவமை. பொன்மேனியைப் பாடிய இலக்கியமும் நமக்குண்டு. எனினும் இங்கே மாமை குறையன்று, இழத்தற்கரிய செல்வம்.

அம்பாங் வட்டாரத்து மாணவன் ஆடவர் அழகுக்குக் 'காச்சாக்' என்றும் மகளிர் அழகுக்கு 'ஜெலித்தா' என்றும் மலாய் மொழியில் வேறுபடுத்தக் கற்கிறான். தமிழ்க் கட்டுரையிலோ 'மிகவும் அழகு' என்பதோடு நின்றுவிடுகிறான். அது சொல் வறுமை மட்டுமன்று. வெளுப்பே அழகென்று விளம்பரங்கள் ஓதும் இக்காலத்தில், தன் கருநிறத்துக்கு நாணும் சிறுமிக்கு மாமை என்னும் சொல் ஓர் அரண். அதனைத் தேர்வுக்குரிய அருஞ்சொல்லாக மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், அவளுக்குரிய செல்வத்தை அவளுக்குக் காட்டாதே விடுகிறார். பாட்டோடு சேர்த்துக் கற்பிப்பின், சொல்லும் வாழும், அவளும் தலைநிமிர்வாள்.