மறதி என்ற சொல் போதாது

டிமென்ஷியாவை நம் பத்திரிகைகள் 'மறதி நோய்' என்றே எழுதுகின்றன. வீட்டில் 'வயசானா அப்படித்தான்' என்று முடித்துவிடுவோம். இரண்டுமே இப்போது எனக்கு உறுத்துகின்றன. காரணம் ஒரு படம்.

அதற்கு முன், நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு படங்கள். பிளெஸ்ஸியின் மலையாளப் படம் 'தன்மாத்ரா' (2005). அரசு ஊழியர் ரமேசன் நாயராக மோகன்லால். முக்கியமான ஆபீஸ் ஃபைல் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் கிடக்கும் இடம் வயிற்றைப் பிசையும். ஆனாலும் பெரும்பாலும் மனைவி, மகன் பக்கம் நின்றுதான் அவரைப் பார்க்கிறோம். மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) இன்னும் தள்ளி நிற்கிறது. லீலா சாம்சன் நடித்த பவானியின் நோய், இளம் ஜோடிக்குக் கல்யாணத்தின் அருமையைப் புரியவைக்கும் பாடமாகிவிடுகிறது. பவானிக்குள்ளே என்ன நடக்குது? படம் அதை அதிகம் கேட்பதில்லை.

ஃப்ளோரியன் ஸெல்லர் தன் நாடகத்தையே படமாக்கிய 'தி ஃபாதர்' (2020) அதைத்தான் கேட்கிறது. ஆண்டனி ஹாப்கின்ஸ் இருக்கும் வீட்டில் சாமான்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மகள் திடீரென்று வேறொரு நடிகையின் முகத்தோடு வந்து நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் எது நிஜம் என்று எனக்கும் தெரியவில்லை. கைக்கடிகாரம் திருடு போய்விட்டது என்று அவர் சொல்லும்போது, மறந்துபோனவராக எனக்குத் தெரியவில்லை. கையில் மிஞ்சிய துண்டுகளை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பவராகத் தெரிந்தார்.

அங்கேதான் எங்க ஆச்சி ஞாபகம் வந்தது. 'என் சுருக்குப்பையை எடுத்து ஒளிச்சுட்டே' என்று அம்மாவிடம் தினமும் சண்டை. அம்மா அடுப்படியில் நின்று அழுவாள். நான் பையைத் தேடி எடுத்து, 'நீங்கதான் மறந்துட்டீங்க ஆச்சி, இந்தா இருக்கு பாருங்க' என்பேன். ஆச்சியின் கோபம் இன்னும் ஏறும். மறதின்னு பேர் வெச்சதால ஞாபகப்படுத்தினா போதும்னு நினைச்சுட்டோம். ஆச்சிக்கோ, தான் சொல்வதெல்லாம் பொய் என்று பேரன் தினமும் நிரூபிக்கிறான்.

'தி ஃபாதர்' மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். திருட்டுப்பழி சுமந்தபடி மறுநாளும் சோறு ஊட்டுகிறவளின் களைப்பு அதில் கொஞ்சம்தான் தெரிகிறது. அந்த இடத்தில் 'தன்மாத்ரா' கூடுதலாகப் பார்க்கிறது. அம்மாவின் அழுகை புரிய ஒரு படம், ஆச்சியின் பயம் புரிய ஒரு படம். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது பார்வைதான் இல்லாமல் போனது.