கோதுமை மணியும் கூடாரத்து நாட்களும்: மிஷனெரி வரலாற்று நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

தாய்நாட்டை விட்டு அயல்நாட்டில் நற்செய்திப் பணியாற்றியவர்களின் வரலாறுகள் நம் குருமனைகளிலும் இறையியல் கல்லூரி நூலகங்களிலும் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. மிஷனெரி ஞாயிறு வரும்போது அவற்றிலிருந்து ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக் கூறாத பிரசங்கியார் அரியர். எனினும் நாம் எடுத்துக் கூறுவன பெரும்பாலும் அவர்களுடைய அழைப்பும் மரணமுமே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆயிரக்கணக்கான நாட்களில் அவர்கள் என்ன செய்தார்கள், யாரோடு உண்டார்கள், எந்தச் சொல்லை உச்சரிக்க முடியாமல் தடுமாறினார்கள், எதனால் சலிப்படைந்தார்கள் என்பவற்றை நாம் கேட்பதில்லை. கேளாமல் விடுவது நம் வாசிப்பின் குறை மட்டுமா, அந்நூல்களின் குறையுமா என்பதை வடதிருநெல்வேலி ஊழியத்தைச் சார்ந்த சில நூல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நிலமும் ஊழியமும்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து, மம்சாபுரம் அமைந்துள்ளது. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் தோன்றும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் வடபால் நிலமாக இருந்தது. மலையை ஒட்டிக் கண்மாய்ப் பாசனமும் நெல்வயல்களும் உண்டு. கிழக்கே சிவகாசி, சாத்தூர் நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் மண்ணும் பருத்தியும் கம்பும் விரியும். கோடையில் கரிசல் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிச் சக்கரம் சேற்றில் புதையும். அயல்நாட்டு ஊழியர் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எழுதப் புகுவோர் முதலில் எழுத வேண்டியது இந்த மண்ணைத்தான்.

இந்நிலத்தில் 1854இல் சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் தாமஸ் கஜத்தான் ராக்லண்டு ஐயர், டேவிட் ஃபென், இராபர்ட் மெடோஸ் ஆகிய இருவரோடு சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். ராக்லண்டு 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர்; கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றவர்; அங்குள்ள கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினராய் இருந்தவர். 1846இல் சென்னைக்கு வந்து சங்கத்தின் செயலாளராகக் கணக்கும் கடிதமும் பார்த்தவர். தென்திருநெல்வேலியில் அந்நாளில் சபைகளும் பள்ளிகளும் பல்கியிருந்தன. வடபகுதியோ ஏறத்தாழ நற்செய்தி கேளாததாய் இருந்தது. ஆகவே பங்களா கட்டி ஓரிடத்தில் தங்குவதை விடுத்து, கூடாரத்தில் வாழ்ந்து ஊர் ஊராய்ச் செல்லும் முறையை அவர் மேற்கொண்டார். காலையில் ஓர் ஊர், மாலையில் வேறோர் ஊர். நடுப்பகலில் கூடாரத்தில் தமிழ்ப் படிப்பு, கடிதம், தேடி வருவோருடன் உரையாடல். சில நாட்களுக்குப்பின் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த முகாமுக்குப் பயணம். நான்கே ஆண்டுகள் இவ்வாறு உழைத்து, 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் அவர் மறைந்தார். அவர் நாளில் பெருந்திரளாய் மக்கள் மனந்திரும்பவில்லை.

2. ஒரே மனிதர், இரண்டு நூல்கள்

ராக்லண்டின் வரலாற்றை இருவர் எழுதினர். முதலாவது, அவருடைய கல்லூரியைச் சேர்ந்த டி. டி. பெரோன் 1861இல் வெளியிட்ட நினைவு வரலாறு. இரண்டாவது, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922இல் எழுதிய நூல். இரண்டுக்கும் இடையே 61 ஆண்டுகள்.

பெரோனின் நூல் இன்றைய வாசகருக்கு எளிதன்று. விக்டோரியா காலத்துப் பக்தி நடையில், கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தாராளமாக எடுத்தாண்டு, மெல்ல நகர்வது அது. தம்மையே கடுமையாகச் சோதித்துக்கொள்ளும் ராக்லண்டின் மனம் அதில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டு நம்மை அயரச் செய்கிறது. ஆயினும் கடிதம் எழுதுகிறவருக்குத் தம் வாழ்வின் முடிவு தெரியாது. அன்றைய நாளின் களைப்பே அவருக்குத் தெரியும். ஆகவே அந்நூலில் நாட்கள் நாட்களாகவே எஞ்சியிருக்கின்றன.

கார்மைக்கேல் அம்மையாரின் நூல் இதனினும் சிறியது, அழகியது. திருநெல்வேலி வெயிலையும் வண்டிப் பாதையையும் தாமே அறிந்தவர் எழுதியதால் நிலம் அதில் உயிர்பெறுகிறது. ஆனால் யோவான் 12:24இல் நம் ஆண்டவர் கூறிய கோதுமை மணியின் உவமையே அந்நூலின் அச்சாணி. ராக்லண்டுக்கு மிகவும் பிடித்திருந்த அவ்வசனத்தை அம்மையார் அவருடைய வாழ்வு முழுவதற்கும் திறவுகோலாக்கினார். இது பக்திக்கு ஏற்றதே. எனினும் வரலாற்றுக்கு ஓர் இடர் இதனால் விளைகிறது. வித்து மண்ணில் விழும் கணத்தை நோக்கியே கதை விரைவதால், அதற்கு முந்திய ஒவ்வொரு நாளும் மரணத்திற்கான ஆயத்தமாகவே தோன்றுகிறது. பதில் கிடைக்காத ஒரு மாலைப் பிரசங்கம் தன்னளவில் பொருளுடையது என்பது மறைந்துபோகிறது. அம்மையாரின் நூலைப் படித்து மனம் உருகியவர்கள் பலர். ஆனால் கூடாரத்து நாளொன்றை எப்படிக் கழிப்பதென்று கற்க விரும்பும் மாணவருக்குப் பெரோனின் நூலே அதிகம் உதவும் என்பது நம் கருத்து.

3. கார்மைக்கேல் அம்மையாரின் முந்திய துணிவு

அம்மையாருக்கு அன்றாடத்தை எழுதத் தெரியாது என்பதன்று இதன் பொருள். 1903இல் அவர் வெளியிட்ட, 'உள்ளது உள்ளபடி' எனப் பொருள்படும் பெயருடைய நூல், அன்றாடத்தை எழுதியதில் ஈடிணையற்றது. 1896இன் இறுதியில் திருநெல்வேலிக்கு வந்த அவர், தாமஸ் உவாக்கர் ஐயரின் குடும்பத்தோடு தங்கித் தமிழ் கற்று, பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களடங்கிய குழுவோடு மாட்டு வண்டியில் ஊர்களைச் சந்தித்தார். அந்நாட்களை அவர் அலங்காரமின்றி எழுதினார். கதவு அடைக்கப்பட்ட வீடுகள், பாதியில் எழுந்து சென்ற பெண்கள், செவிகொடுத்தபின் தடுக்கப்பட்டவர்கள் ஆகியோரே அதில் நிறைந்துள்ளனர். வழக்கமான, சலிப்பூட்டும் நாளைப்பற்றியே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது.

ஊக்கமூட்டும் செய்திகளை எதிர்பார்த்த தாய்நாட்டு நண்பர்களுக்கு அவர் எழுதியது உவப்பாயில்லை; கையெழுத்துப் பிரதி முதலில் திரும்பியே வந்தது. நூல் வெளிவந்த பின்னரும் அதன் உண்மை ஐயுறப்பட்டதால், பின்வந்த பதிப்பில் வேறு மிஷனெரிமாரின் சான்றுகள் சேர்க்கப்பட்டன. தோல்வியை எழுதினால் காணிக்கை குறையும் என்னும் அச்சம் அன்றும் இருந்தது. அவ்வச்சத்திற்கு அவர் பணியவில்லை.

இந்நூலிலும் குறை உண்டு. போர்க்களச் சொற்களும் ஒளி, இருள் என்னும் எதிர்மறையும் அதில் மிகுதி. கதவடைத்த பெண் பெரும்பாலும் சிறைப்பட்டவளாகவே காட்டப்படுகிறாள்; தனக்கென ஒரு நியாயமும் அச்சமும் பற்றும் உடைய அயலாளாக அவளைக் காண்பது அரிது. அதே தெருவில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குருவானவருக்கு இப்பார்வை போதாது.

4. ஓரத்தில் நிற்பவர்கள்

இவ்வகை நூல்களின் பெருங்குறை வேறொன்று. ராக்லண்டின் ஊழியத்தில் தென்திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பின. அவர்களுடைய செலவையும் அச்சபையாரே ஏற்றனர். பிற்காலத்தில் சென்னையில் புகழ்பெற்ற டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரும் வடதிருநெல்வேலியில் உழைத்தவரே. அயல்நாட்டார் பேச்சில் தடுமாறியபோது தமிழில் விளக்கியவர்கள் இவ்வுபதேசிமார். கூடாரம் பிரித்தவர், வண்டி ஓட்டியவர், சமைத்தவர் இல்லாமல் ஒரு முகாமும் நடந்திராது. ஆயினும் வரலாற்று நூல்களில் இவர்கள் ஓரத்திலேயே நிற்கின்றனர். பொன்னம்மாளுக்குத் தனி வரலாறு எழுதிய கார்மைக்கேல் அம்மையாரை இதில் நாம் பாராட்ட வேண்டும். அவர் விதிவிலக்கு.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வே. சா. அசரியா, பொருளையும் உயிரையும் ஈந்த மேனாட்டாரிடம் நட்பையும் வேண்டினார். நட்பு பெருநிகழ்ச்சிகளில் வெளிப்படுவதன்று. ஒரே பந்தியில் உண்பதிலும், நோயில் ஒருவரையொருவர் காண்பதிலும், கருத்து மாறுபடும் உரிமையிலும் விளங்குவது. ஆகவே உடனூழியரை ஓரத்தில் நிறுத்தும் நூல், அவர் கேட்ட கேள்விக்கு விடையளிக்காத நூலாகும்.

இக்குறை மேனாட்டாருக்கு மட்டும் உரியதா? ராக்லண்டு கூடாரம் அடித்த அதே 1854இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடுவே மிஷன் ஊழியம் தொடங்கியது. அதற்குத் திருநெல்வேலி உபதேசிமார் கடல் கடந்து சென்றனர். 1903 பெப்ருவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கம், அன்றைய நிஜாம் அரசைச் சேர்ந்த தோர்ணக்கல் பகுதிக்குத் தமிழரை அனுப்பியது. அவர்களுக்குத் தெலுங்கு அயல்மொழி. ஆண்ட அரசும் வேறு. அயல்நாட்டு ஊழியரின் இன்னல் யாவும் அவர்களுக்கும் உண்டு. அவர்களுடைய அன்றாடத்தை எழுதிய நூல்கள் எத்தனை நம் கையில் உள்ளன? அவர்களோடு சென்ற மனைவிமாரின் நாட்களை எழுதியவர் யார்? பிறர் நம் உபதேசிமாரை ஓரத்தில் நிறுத்தினர் என்று குறைகூறும் நாம், நம்மவரை ஓரத்திலும் நிறுத்தவில்லை.

5. திருமறையின் அளவுகோல்

மிஷனெரி எழுத்துக்கு அளவுகோல் திருமறையிலேயே உண்டு. மரணம் அண்மித்ததை அறிந்த நிலையில் எழுதப்பட்ட திருமுகத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் நூல்களையும் பவுல் கேட்கிறார் (2 தீமோத்தேயு 4:13). ஓட்டத்தை முடித்ததைக் கூறிய அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்குப்பின், குளிருக்கு மேலங்கி கேட்பது பொருத்தமற்றதெனத் திருச்சபை எண்ணவில்லை. அதனை நீக்காமல் காத்தது. ரோமர் 16ஆம் அதிகாரமோ பெயர்களால் நிறைந்தது. பெபேயாள் முதல், திருமுகத்தை எழுதிக்கொடுத்த தெர்தியு வரை, உழைத்தவர்கள் பெயரோடு நிற்கிறார்கள். அன்றாடத் தேவையும் உடனூழியர் பெயரும் நற்செய்திக்குப் புறம்பானவையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

6. இன்றைய பொறுப்பு

இது நூலகத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. இன்று தமிழ்நாட்டுச் சபைகள் குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்திற்கும், பீகாருக்கும், ஒடிசாவுக்கும் ஊழியரை அனுப்புகின்றன. வரலாறுகளில் அழைப்பையும் மரணத்தையும் மட்டும் படித்துச் செல்லும் இளைஞர், முதல் ஆண்டில் தாம் காண்பது மொழிப்பாடமும் வயிற்றுக்கடுப்பும் வாடகை வீட்டுத் தேடலும் பதில் தராத தெருவுமே என்று அறியும்போது, தம் அழைப்பையே ஐயுறுகிறார். தாம் தோற்றுவிட்டதாக எண்ணுகிறார். தாயகத்துக்கு எழுதும் மடலில் அதைச் சொல்லவும் துணியார்; சபையார் எண்ணிக்கையை எதிர்பார்க்கின்றனர் என்பது அவருக்குத் தெரியும். இவ்வாறு பொய்யன்றாயினும் முழு உண்மையுமல்லாத அறிக்கைகள் பெருகுகின்றன. அவற்றைப் படித்து அடுத்த தலைமுறை ஏமாறுகிறது.

ஆகவே இறையியல் மாணவர்கள் மிஷனெரி வரலாற்றைப் படிக்கும்போது, அந்நூல் ஒன்றும் நிகழாத நாளைச் சொல்கிறதா, உடன் உழைத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கிறதா, நற்செய்தியை ஏற்காதவரையும் மனிதராக மதிக்கிறதா என்று கேட்பார்களாக. ஊழியரை அனுப்பும் சபையார், எண்ணிக்கை இல்லாத மடலையும் ஆலயத்தில் வாசித்து, அதற்காகவும் ஸ்தோத்திரம் செலுத்துவார்களாக. வித்து மண்ணில் விழுவது ஒரு கணம். அது மண்ணுக்குள் கிடக்கும் நாட்களோ பல. அந்நாட்களும் ஆண்டவருடையவையே.