துள்ளுமாரிக்கு ஓர் ஊசி போதுமா?

மழைக்கு முன் ஆடுகளுக்குத் துள்ளுமாரி ஊசி போடுவது தமிழ்நாட்டில் ஊறிப்போன வழக்கம். 1932-இல் தொடங்கிய இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் அந்த மருந்து தயாராகிறது. சிறுசேரி, நாவலூர், திருப்போரூர் பக்கம் ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஏரிக்கரையிலும் காலி மனையிலும் ஆடு மேய்ப்பவர்களுக்கு அது பெரிய காப்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊசி போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கோளாறு அங்கேதான்.

இந்த நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் டி வகை பாக்டீரியா, நல்ல ஆட்டின் குடலிலேயே கொஞ்சம் இருக்கக்கூடியது. மழை விழுந்து இளம்புல் தளதளவென்று வரும்போதோ, மண்டபத்து மீதிச் சோற்றை அள்ளிக் கொட்டும்போதோ, செரிக்காத மாவுச்சத்து குடலுக்குள் இறங்கும். கிருமி மளமளவென்று பெருகி, எப்சிலான் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ரத்தத்தில் கலந்து மூளை வரை போகும். காலையில் ஓடியாடிய கொழுத்த குட்டி, தலையைப் பின்னுக்கு வளைத்துக் கால்களை உதைத்தபடி விழும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நன்றாகத் தின்னும் குட்டியே முதலில் போவது அதனால்தான். வைத்தியத்துக்கு அவகாசமே தராத நோயை முன்கூட்டித் தடுப்பதுதான் புத்திசாலித்தனம். இந்த வழக்கத்தின் பலம் அது.

பலவீனம் வெள்ளாட்டில் தெரிகிறது. செம்மறிக்கு இந்த ஊசி தரும் பாதுகாப்பு வெள்ளாட்டுக்கு அத்தனை வலுவாகக் கிடைப்பதில்லை. கிடைப்பதும் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போடச் சொல்கிறார்கள். முதல்முறை போடும் குட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசியும் வேண்டும். தடுப்பூசி முகாமோ ஒருநாள் வந்து போகிறது. அந்த இரண்டாவது ஊசி பெரும்பாலும் விட்டுப்போகிறது. முகாமுக்குப் பின் பிறந்த குட்டிகளின் கதி இன்னும் மோசம். சினை ஆட்டுக்குக் கடைசி மாதத்தில் ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகவாவது குட்டிக்குக் காப்பு கிடைக்கும்.

இதைவிட என்னை உறுத்துவது நோயறிதல். ஆடு திடீரென்று செத்தால் துள்ளுமாரி என்று நாமே முடிவு கட்டிப் புதைத்துவிடுகிறோம். சோறு அதிகம் தின்றதால் வரும் வயிற்று அமிலநோயிலும் ஆடு இப்படித்தான் சாகும். சிறுநீரகம் குழைந்திருந்தால் துள்ளுமாரி என்பது செம்மறிக்குச் சொன்னது. வெள்ளாட்டில் அந்த அடையாளம் நம்பகமானதல்ல, பெருங்குடல் அழற்சியைத்தான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் கிருமி கிடைத்தாலும் போதாது, அது நல்ல ஆட்டிலும் இருக்கிறதே! குடலில் உள்ளதை எடுத்து நஞ்சைக் கண்டறிய வேண்டும். நம் வெயிலில் சடலம் வேகமாக அழுகும். செத்த சில மணி நேரத்துக்குள் மாதிரி எடுத்து ஐஸில் வைத்தால்தான் பலன். இது நடக்காதபோது, ஊசி தோற்றதா, தீவனம் கெடுத்ததா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. அடுத்த ஆண்டும் அதே ஊசி, அதே சாவு.

ஓர் எச்சரிக்கை: மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். சடலத்தை அறுக்கவே கூடாது. மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, நாய் அண்டாமல் பாருங்கள்.

முகாமை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டாக்கச் சொல்கிறேன். தீவனத்தில் ஆடு வளர்ப்பவர் கைதான் முக்கியம்: புது மேய்ச்சலுக்கு விடுமுன் வைக்கோலோ காய்ந்த தழையோ கொடுங்கள், சோறு கொட்டாதீர்கள். ஆடு வளர்ப்புப் பயிற்சிக்கு, சிறுசேரியும் திருப்போரூரும் இருக்கும் அதே மாவட்டத்தில் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அடுத்த குட்டி திடீரென்று செத்தால், குழி வெட்டுமுன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.